பன்னிரண்டு வளைவுக் கெரிஸ்

மார்த்தாடி ஐயா முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் கராங்செமி ஊரின் கெரிஸ் சங்கத்துக்குத் தலைவரானார். நான் செயலாளர். பெயர் கஸ்னோ. கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஜாவாவின் பரம்பரைக் குத்துவாளான கெரிஸைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமையும் ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் வரும் கிலிவோனும் சேர்ந்து வரும் நாளில், ஐயா வீட்டு முன்கூடத்தில் சங்கம் கூடும். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கெரிஸைத் துணியில் சுற்றி எடுத்துவருவார்கள். அலகின் வடிவத்துக்குப் பெயர் என்ன, இரும்பில் ஓடும் வெள்ளை ரேகை எந்த வகை, எந்த ராஜா காலத்தில் அடித்தது என்று ஐயா சொல்வார். நான் பேரேட்டில் எழுதி, முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுப்பேன்.

ஐயா கெரிஸைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவரைப் பார்ப்பார். சர்க்கரை ஆலை மேலாளர் எதைக் கொண்டுவந்தாலும் அது பழம்பெரும் மஜாபாஹித் ராஜ்யத்துக் காலத்தது. தலைமையாசிரியர் கொண்டுவந்தால் அதற்குப் பின்னால் வந்த மாத்தாராம் ராஜ்யத்தது. ரிக்‌ஷா ஓட்டுகிறவர் கொண்டுவந்தால் சந்தைச் சரக்கு. வட்டார அதிகாரி ஒருவருடைய கெரிஸ் முதலில் இருநூறு வருஷப் பழசாக இருந்தது. அவருக்குப் பதவி உயர்ந்த மாதம் மறுபடி பார்த்ததில் ஐந்நூறு ஆயிற்று. இதற்காக ஐயா யாரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பும் அவருக்கு இல்லை. பெரிய மனிதர் வீட்டில்தான் பெரிய கெரிஸ் தங்கும் என்று மனதார நம்பினார். எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது.

கடைசி இரண்டு வருஷமாக அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. டீயில் உப்பைப் போட்டுக் கலக்கினார். ஒருநாள் தெருவில் நின்ற தபால் பெட்டிக்கு வணக்கம் சொன்னதை நானே பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் கோபம் வந்துவிடும். கண்ணாடி மாட்டினவன் சொல்லும் காலக்கணக்கை யார் நம்புவார்கள் என்று கேட்பார்.

அவருக்கு ஒரே மகள், நிகேன். தாய் இல்லாத பெண். தபால் நிலையத்தில் மணியார்டர், தபால்தலை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். பஸ் நிலையத்தில் மெக்கானிக்காக இருந்த பமுஜி வாரம் தவறாமல் அந்த ஜன்னலுக்கு வந்து ஒரே ஒரு தபால்தலை வாங்கிப்போவான். எட்டு மாதம் கழித்து, யாருக்கு இத்தனை கடிதம் எழுதுகிறாய் என்று அவள் கேட்டாள். ஒருவருக்கும் எழுதவில்லை, வாங்கின தபால்தலை அத்தனையும் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கின்றன என்றான். அப்படி ஆரம்பித்த விஷயம் கல்யாணப் பேச்சு வரை வந்தது.

ஐயாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவர் பெயருக்கு முன்னால் பரம்பரைப் பட்டம் உண்டு. பமுஜியின் அம்மா சர்மினி அக்கா பஸ் நிலையத்து வாசலில் சோத்தோ என்கிற சூப்புக் கடை நடத்துகிறவர். ஆனால் மகளுக்கு இருபத்தொன்பது வயது, பிடிவாதமும் அதிகம். நேராக மறுக்க முடியாமல் அவர் சுற்றுவழியாக ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பரம்பரைக் கெரிஸைச் சங்கம் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு நாள் குறிக்கலாம். சூப்புக் கடைக்காரர் வீட்டில் கெரிஸுக்கு எங்கே போவார்கள் என்பது அவருடைய கணக்கு.

அடுத்த செவ்வாய்க் கிலிவோன் அன்று காலை பத்து மணிக்கு சர்மினி அக்கா வந்தார். மகன் பின்னால் நின்றான். அக்கா மடியிலிருந்து மாவு மூட்டைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் கணவரின் கொள்ளுத்தாத்தா ஒரு பிரபுவின் லாயத்தில் குதிரை தேய்த்தவராம். பிரபு சாகும்போது கொடுத்ததாம். அன்றிலிருந்து அரிசிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றார்.

ஐயா அலட்சியமாகத்தான் கையில் எடுத்தார். வழக்கப்படி நெற்றிக்கு உயர்த்தி, உறையை மெல்லக் கழற்றினார். கழற்றியதும் அவர் முகம் மாறிவிட்டது. கத்தி காற்றுப்போல் லேசாக இருந்தது. நகத்தால் சுண்டினார். சின்ன மணி போலச் சத்தம் வந்து கொஞ்சநேரம் நின்றது. நீலக்கருப்பு இரும்பில் வெள்ளை ரேகைகள் முறத்திலிருந்து சிந்திய அரிசிபோல அடியிலிருந்து நுனிவரை இறைந்து கிடந்தன. அந்த ரேகைக்கே சிந்திய அரிசி என்றுதான் பெயர். அடிப்பக்கத்தில் சுருண்ட யானைத் தும்பிக்கை, அதன் கீழே யானை உதடுகள் இரண்டு, ஒரு சிறு வடுகூட இல்லாமல் முழுசாக இருந்தன. அத்தனையையும் ஐயா விரலால் தடவியே கண்டுபிடித்துச் சொன்னார். தலைவராக இருந்த பத்தொன்பது வருஷத்தில் அவர் கைக்கு வந்த கெரிஸ்களில் உண்மையாகவே பழையது அதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது வளைவு எண்ணுவது மட்டும். தும்பிக்கைக்கு மேலே உள்ள வளைவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் இரண்டு, மறுபடி இந்தப் பக்கம் மூன்று என்று மாறி மாறி நுனிவரை எண்ணவேண்டும். வளைந்த கெரிஸில் வளைவு எப்போதும் ஒற்றைப்படைதான் வரும். ஜாவாவில் பால் குடிக்கும் குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. இரட்டை உதடும் சிந்திய அரிசியும் பதிமூன்று வளைவும் சேர்ந்தால் பாருங்சாரி என்று அலகுக்குப் பெயர் சொல்லி முடித்திருக்கலாம்.

ஐயா எண்ணினார். பன்னிரண்டில் நின்றார்.

துருப் போக்கப் பலமுறை எலுமிச்சைச் சாற்றில் ஊறி ஊறி நுனி தேய்ந்த கத்தி அது. கடைசி வளைவு ஆழமில்லாமல் இருந்தது. இருந்தது என்னவோ இருந்தது. ஐயா மறுபடி எண்ணினார். மறுபடியும் பன்னிரண்டு.

கத்தி கைமாறியது. துணைத்தலைவர் வசீதோ, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர், உதடு அசைய எண்ணினார். பதிமூன்றில்தான் அவர் உதடு நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு தலைவரின் முகத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுதான் ஐயா. ஆனா சாதாரணப் பன்னிரண்டு இல்ல" என்றார். அடுத்தவர் வியப்பாகத் தலையாட்டினார். அதற்கடுத்தவர் பன்னிரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒன்பது பேரில் கடைசியாக என்னிடம் வந்தது. நான் பதிமூன்று எண்ணி, பேரேட்டில் அழகான கையெழுத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன்.

சர்மினி அக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, நான் ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம் சோத்தோ எண்றவ. ஒண்ணு விட்டாலும் நஷ்டம் எனக்குத்தான். இது பதிமூணு."

"கிண்ணம் எண்றது வேற, கெரிஸ் எண்றது வேறம்மா" என்றார் ஐயா.

"எண்ணுக்கும் சாதி இருக்கா?"

ஐயா கத்தியை உறையில் போட்டார். இரட்டைப்படை வளைவுள்ள கெரிஸ் இருக்கும் வீட்டில் எதுவும் ஜோடி சேராது, சேர்ந்தாலும் நிலைக்காது, அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு சாஸ்திரம் அதற்கு முந்தைய நிமிஷம் வரை கிடையாது. அக்கா கத்தியை மாவுத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று கூட்டத்துக்கு வைத்த வறுத்த வாழைப்பழம் அப்படியே ஆறிப்போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிகேன் தட்டை எடுத்துப் போனாள். எங்களை அவள் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

அன்றைக்குக் கெரிஸை நான் போட்டோ எடுத்திருந்தேன். அதைப் பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பனுக்கு அனுப்பியது என் தப்பு. உலகின் ஒரே பன்னிரண்டு வளைவுக் கெரிஸ் கராங்செமியில் கண்டுபிடிப்பு என்று முதல் பக்கத்தில் வந்துவிட்டது. படத்தில் பதிமூன்று வளைவும் பளிச்சென்று தெரிந்தது. கீழே பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்ததால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. செமராங்கிலிருந்து ஒரே ஒரு வாசகர் மட்டும் எண்ணிப் பார்த்துக் கடிதம் எழுதினார். அச்சு மை கசிந்திருக்கலாம் என்று பத்திரிகை அவர் பெயரோடு பதிலை அச்சிட்டது.

பிறகு ஆராய்ச்சிகள் தொடங்கின. கொல்லர் பன்னிரண்டாவது வளைவில் இருந்தபோது மனைவிக்குப் பிரசவ வலி வந்து எழுந்து போய்விட்டார் என்று ஒரு பேராசிரியர் எழுதினார். இன்னொருவர், பதிமூன்றாவதை டச்சுக்காரன் கொண்டுபோய்விட்டான், திருப்பிக் கேட்க வேண்டும் என்றார். ஆனால் நாடெங்கும் பிடித்துப்போனது எங்கள் வசீதோவின் கொள்கைதான். பதிமூன்றாவது வளைவு இரும்புக்குள் ஒளிந்திருக்கிறது, நீதியான அரசு வரும் நாளில் அது வெளியே தெரியும் என்றார் அவர். இதைக் கேட்டுவிட்டு ஆட்சியில் இருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் தனியாகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். வசீதோ புதிதாக நான்கு பட்டுச் சட்டை தைத்துக்கொண்டார்.

சர்மினி அக்கா முதல் இரண்டு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கரண்டியை ஆட்டிக்கொண்டு பதிமூன்று, பதிமூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜகார்த்தாவிலிருந்து தனுவிஜய என்று ஒருவர், பிளாஸ்டிக் தொழிற்சாலை முதலாளி, இறங்கி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா எடுத்துக் காட்டிய கெரிஸைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். கெரிஸை எங்களூரில் விற்பது வாங்குவது என்று சொல்லமாட்டார்கள், கட்டிக்கொடுப்பது என்பார்கள். கொடுக்கும் தொகைக்குப் பரியப்பணம் என்று பெயர். தனுவிஜய சொன்ன பரியத்தில் ஒரு பழைய பஸ்ஸே வாங்கலாம் என்று பமுஜி கணக்குப் போட்டுச் சொன்னான். ஒரே நிபந்தனை, பன்னிரண்டு வளைவு என்று சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும்.

அன்று மாலையிலிருந்து அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார்.

இதற்கிடையில் நிகேன் சும்மா இருக்கவில்லை. ஓய்வூதியம் தொடர வேண்டுமானால் கண் பரிசோதனைச் சீட்டு கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். தபால் நிலையத்து முத்திரையோடு ஒரு காகிதத்தையும் காட்டினாள். அது உண்மையில் பார்சல் கட்டண விவரம். அவரால்தான் படிக்க முடியாதே. சோலோ நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, இத்தனை நாள் எப்படி நடந்தார் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்து, தடிமனான கண்ணாடியோடு மார்த்தாடி ஐயா வீட்டுக்கு வந்தார்.

முதல் நாள் சுவரைப் பார்த்தார். இது எப்போது இவ்வளவு அழுக்கானது என்று கேட்டார். இரண்டாம் நாள் மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இளைத்துவிட்டாள் என்றார். மூன்றாம் நாள் காலை அந்தப் பழைய பத்திரிகையை எடுத்துவரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நிகேன்தான் எனக்குச் சொன்னாள். அவர் பென்சிலை எடுத்து, நிலம் அளக்கிறவர் எல்லைக்கல்லுக்குக் குறி வைப்பதுபோல ஒவ்வொரு வளைவிலும் சின்னக் கோடு போட்டாராம். பதிமூன்று கோடு. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாராம். பதிமூன்று. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கூட இருக்கும்மா."

"தெரியும்ப்பா."

"உனக்குத் தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? எல்லாருக்கும் தெரியும். உங்க சங்கம் மொத்தத்துக்கும் தெரியும்."

அவர் உடனே எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது பேரேடு மேஜைமேல் விரிந்து கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"கஸ்னோ, அன்னிக்கு நீ எத்தனை எண்ணினே?"

"நீங்க எத்தனை எண்ணினீங்களோ அத்தனைதான் ஐயா."

"நான் குருடன்யா. நீ?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சர்க்கரை ஆலை, தலைமையாசிரியர், வட்டார அதிகாரி. இதெல்லாம்கூட அப்படித்தானா என்று கேட்டார். அவர் வாயால் சொன்னதைத்தான் நான் எழுதினேன் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தப்பாக நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கி நட முப்பத்தொரு வருஷ வேலையில் தான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை, இப்போது மட்டும் எதற்கு என்றார். மறுநாளே அவசரக் கூட்டம் போடச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எட்டு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள், வசீதோ பட்டுச் சட்டையில். ஐயா சர்மினி அக்காவையும் கெரிஸோடு வரச் சொல்லியிருந்தார். ஐயா எழுந்து, தனக்குக் கண் தெரியாமல் தப்பாக எண்ணிவிட்டதாகவும், இது பதிமூன்று வளைவுப் பாருங்சாரி என்றும், பத்திரிகைக்குத் திருத்தம் எழுத வேண்டும் என்றும், பெண் கேட்டு வந்தவர்களை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். நாற்பது வருஷமாக அவரைத் தெரியும். அவர் குனிந்து பேசி நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு வசீதோ தொண்டையைக் கனைத்தார். நிதானமாக, நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ஐயா, ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கொஞ்ச நாளைக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும்னு சொல்றாங்க. கவலப்படாதீங்க. சரியாயிடும்."

"ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா இருபத்தாறு எண்ணியிருப்பேன்யா" என்றார் ஐயா.

யாரும் சிரிக்கவில்லை. வசீதோவுக்கு அடுத்த மாதம் ஜகார்த்தாவில் சொற்பொழிவு, போக வர விமான டிக்கெட்டோடு. இன்னொருவருடைய மருமகன் பன்னிரண்டு வளைவுப் படம் போட்ட பனியன் அடித்து விற்றுக்கொண்டிருந்தான். ஐயா கத்தியை மேஜைமேல் வைத்து, விரல் வைத்து எண்ணிக் காட்டினார். பதிமூன்றாவதில் விரல் வந்தபோது எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் சர்மினி அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, நீங்கதான் அன்னிக்கு முதல்ல சரியாச் சொன்னது. இப்ப சொல்லுங்க."

அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றார். "எனக்கென்ன தெரியும் ஐயா. நான் கிண்ணம் எண்றவ" என்றார். தலை நிமிரவில்லை.

ஓட்டெடுப்பு நடத்தினார்கள். பன்னிரண்டுக்கு ஏழு. பதிமூன்றுக்கு ஐயா ஒருவர். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததால் கை தூக்க முடியவில்லை. ஐயா முத்திரையையும் சாவியையும் மேஜைமேல் வைத்து, தலைவர் பதவி வேண்டாம் என்றார். இனிமேல் வேறு வீட்டில் கூடிக்கொள்ளுங்கள், இந்தக் கூடத்தை நான் பெருக்க வேண்டும் என்றார்.

இரண்டு நாளில் தனுவிஜய வந்தார். ஐயா பதவி விலகியது தெரிந்தும், அவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்கே போனார். சான்றிதழ் தாளோடு நானும் கூடப் போனேன். ஐயா அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பென்சில் கோடு போட்ட படத்தை முன்னால் வைத்தார். இத்தனை பணம் கொடுத்து ஏமாறாதீர்கள் என்றார்.

தனுவிஜய படத்தைத் தொடக்கூட இல்லை.

"ஐயா, எங்கிட்ட பதிமூணு வளைவுல பதினாலு கெரிஸ் இருக்கு. பன்னிரண்டுதான் இல்ல. நான் எண்ணிட்டேன், கடையில சாப்பிடறப்பவே எண்ணிட்டேன். தயவுசெஞ்சு இனிமே எண்ணாதீங்க."

"தெரிஞ்சேவா வாங்கறீங்க?"

"நாடு முழுக்கப் பன்னிரண்டுங்குது. நான் ஒருத்தன் பதிமூணுன்னா எனக்கு என்ன லாபம்?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு என்று போட முடியாது, பதிமூன்று என்றால் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றார். தனுவிஜய வருத்தப்படவில்லை. டீயைக் குடித்து முடித்து, வசீதோ வீட்டுக்கு வழி கேட்டார். வசீதோ மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டார்.

கெரிஸைக் கட்டிக்கொடுத்த அன்று சோத்தோ கடைக்கு விடுமுறை. வெள்ளைத் துணி விரித்து, மல்லிகையும் ரோஜா இதழும் போட்டு, சாம்பிராணி காட்டினார்கள். தனுவிஜயவின் ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள். பரணில் ஏதோ எடுக்கப் போன பமுஜி மேலிருந்து பார்த்திருக்கிறான். அம்மா உறையைக் கழற்றி, கட்டைவிரலை வளைவு வளைவாக வைத்து நுனிவரை போனாராம். உதடு அசைந்ததாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதை அவர்கள் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு தூக்குவாளி நிறைய சோத்தோ எடுத்துக்கொண்டு மார்த்தாடி ஐயா வீட்டுக்குப் போனார். தனியாக, நடந்தே போனார். கூட்டத்தில் தான் செய்தது தப்பு என்றும், பணத்தைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது என்றும் சொன்னார். ஐயா தான் செய்ததுதான் முதல் தப்பு என்றார். யார் செய்தது பெரிய தப்பு என்று இருவரும் கொஞ்சநேரம் வாதாடினார்கள். அதற்குள் நிகேன் இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ஜோடி சேராத கெரிஸ்தான் வீட்டை விட்டுப் போயிடுச்சே சம்பந்தி" என்றார் அக்கா. "இன்னும் என்ன தடை?"

சம்பந்தி என்று அவர் கூப்பிட்டதை ஐயா மறுக்கவில்லை. சூப்பில் எலுமிச்சை கொஞ்சம் குறைவு என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் நிச்சயமானது. இப்போது மாப்பிள்ளை இடுப்பில் செருகக் கெரிஸ் இல்லை. பெண்ணின் தகப்பன் மருமகனுக்குத் தன் கெரிஸைக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஐயாவிடம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பா ஜோக்ஜாவில் ஒரு பிரபுவிடம் வாங்கியது. மஜாபாஹித் காலத்துப் பொன்மழை ரேகை என்று அவர் சங்கத்துக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது. கல்யாணத்துக்கு முந்தைய காலை அதை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நானும் பமுஜியும் பக்கத்தில் இருந்தோம். புதுக் கண்ணால் அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அமிலத்துல அரிச்சு எடுத்த ரேகை" என்றார். "அடியில இயந்திர அரத்தோட கோடு தெரியுது. என் வயசுகூட இருக்காது இதுக்கு. எங்கப்பா நல்லா ஏமாந்திருக்கார்."

பமுஜி அதை வாங்கி, பிஸ்டன் கம்பியைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுகப் பார்த்தான். விளிம்பைத் தடவினான்.

"இரும்பு நல்ல இரும்பு மாமா. கோணல் இல்ல."

"வேற நல்லதா ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாமேப்பா. கூச்சப்படாத."

"இது போதும். நீங்க உள்ளதைச் சொல்லித்தானே குடுக்கறீங்க."

ஐயா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆபரேஷன் ஆனதிலிருந்து வெயில் பட்டால் கண்ணில் நீர் வருகிறது என்றார்.

கல்யாணத்துக்கு சங்கத்தார் எல்லாரும் வந்தார்கள். அழைத்தார்கள், வந்தார்கள். மாப்பிள்ளை முதுகுப் பக்கம் செருகியிருந்த பிடியைப் பார்த்தே வசீதோ, உறைக்குள் இருப்பது மஜாபாஹித் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா நடுவில் வந்து, இல்லை, இது ஐம்பது வருஷச் சரக்கு, அரத்தின் கோடு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். எத்தனை தன்னடக்கம் பாருங்கள் என்றார் வசீதோ.

நான் மணமக்களைப் படம் எடுத்தேன், பணம் வாங்கவில்லை. அந்த வாரமே செமராங் வாசகருடைய விலாசத்தைப் பத்திரிகையிலிருந்து தேடி வாங்கி, அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் எண்ணிக்கை சரி, நான் அப்போது அந்த இடத்தில் இருந்தவன் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. கடிதத்தை ஜன்னலில் கொடுத்தபோது நிகேன் விலாசத்தைப் படித்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். தபால்தலையை அவளே நாக்கில் தொட்டு ஒட்டி, முத்திரை குத்தி, பைக்குள் போட்டாள்.